மேயரின் விருந்தும் நடன இரவும்: இங்கிலாந்துச் சிறுநகரில் தடுமாறாமல் நடத்த முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் ஏதோ ஒரு நகரத்தில் குடியிருக்கிறீர்கள், மேயரின் நிதிதிரட்டும் விருந்துக் குழுவில் உங்களையும் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டவுன் ஹாலில் முறைப்படியான சாப்பாடு, கோப்பை உயர்த்தல், உரைகள், அப்புறம் நள்ளிரவு வரை நடனம். இதை ஒரே நிகழ்ச்சியாக எண்ணித் திட்டமிடுவதில்தான் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுகிறார்கள். விருந்து முறைமையை வைத்து ஓடுகிறது, நடனம் இடத்தையும் இசையையும் வைத்து ஓடுகிறது. கடைசித் தட்டு எடுத்ததற்கும் முதல் வால்ட்ஸ் தொடங்குவதற்கும் நடுவே இருக்கும் முக்கால் மணி நேரத்தை யார் நன்றாகக் கையாளுகிறார்களோ அவர்களுடைய இரவு நன்றாக அமைகிறது. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த முக்கால் மணி நேரத்தைக் காப்பாற்றத்தான்.

கணக்குக்காக 160 விருந்தினர் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. தேதி: மேயரின் ஆண்டு முடிவதற்குள்

சடங்குப் பொறுப்பில் இருக்கும் மேயர் ஒரே ஆண்டுதான் இருப்பார், மே மாத ஆண்டுக்கூட்டத்தில் அடுத்தவர் வந்துவிடுவார். அதனால் தேதி அக்டோபர், நவம்பரில் அமைய வேண்டும், இல்லையென்றால் பிப்ரவரி, மார்ச் தொடக்கம். டிசம்பர் வேண்டாம், அலுவலகக் கிறிஸ்துமஸ் விருந்துகள் அரங்கத்தையும் சமையல்காரர்களையும் ஏற்கெனவே பிடித்திருக்கும். ஏப்ரலும் வேண்டாம். மே மாதம் உள்ளாட்சித் தேர்தல் வரும் ஆண்டுகளில் அதற்கு முந்தைய வாரங்களில் நகர மன்றம் என்ன விளம்பரம் செய்யலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு, மேயர் படம் போட்ட சுவரொட்டிகூட வம்பாகிவிடும்.

தேதியை அறிவிப்பதற்கு முன் நான்கு நாட்காட்டிகளைப் பாருங்கள்: பக்கத்து நகர மேயர்களுடையது, கவுண்டியில் அரசரின் பிரதிநிதியான லார்ட் லெஃப்டினன்ட் அலுவலகத்துடையது, ரமலான் மாதம், சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பி. கடைசியைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பிப்ரவரி, மார்ச் சனிக்கிழமை மாலையில் இங்கிலாந்து அணி ஆடினால் கால்வாசி மேசைகள் விற்காது.

ஆறு முதல் எட்டு மாதம் முன்னால் தேதி உறுதியாக வேண்டும். நல்ல இசைக்குழுக்களின் சனிக்கிழமைகள் அதற்குள் போய்விடும்.

2. அரங்கம்: டேப் எடுத்துக்கொண்டு போங்கள்

அரங்க மேலாளர் '200 பேர் உட்காரலாம்' என்று சொன்னதும் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அது நடனத் தளம் இல்லாமல் சொன்ன எண்ணா, அதையும் சேர்த்துச் சொன்னதா என்று கேளுங்கள். நடனத் தளத்தோடு வட்ட மேசைகள் போட்டால் தீயணைப்பு விதிப்படி எத்தனை பேர் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு நீங்களே அளந்து பாருங்கள். 5 அடி வட்ட மேசையில் 8 பேர் வசதியாக உட்காரலாம், 6 அடி மேசையில் 10 பேர். நாற்காலியும் பரிமாறுபவர் நடக்கும் வழியும் சேர்த்தால் 5 அடி மேசை ஒன்றுக்குப் பத்துக்குப் பத்து அடி போய்விடும். மேயரின் தலைமை மேசையில் 16 பேர், மீதி 144 பேருக்கு 18 வட்ட மேசைகள் என்றால் அதற்கே 1,800 சதுர அடி. தலைமை மேசையில் ஒரு பக்கம் மட்டும்தான் உட்காருவார்கள், ஆளுக்கு 2 அடி வேண்டும். 6 அடி நீள மேசைக்கு மூன்று பேர், 16 பேருக்கு ஆறு மேசைகள், ஆக 36 அடி நீளம். பழைய டவுன் ஹால்கள் பலவற்றில் அறையின் அகலமே இதற்குப் போதாது. இதை அன்று மாலை கண்டுபிடித்தால் லார்ட் லெஃப்டினன்ட்டைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைக்க வேண்டியதுதான்.

நடனத் தளத்துக்கு 20க்கு 20 அடியாவது ஒதுக்குங்கள். வால்ட்ஸ் ஆடும் ஜோடிகள் அறையைச் சுற்றி இடஞ்சுழியாக நகர்ந்துகொண்டே இருப்பார்கள், நின்ற இடத்தில் ஆடுவதில்லை. இந்த அளவில் பதினைந்து ஜோடிகளுக்கு மேல் ஏறினால் தோள் இடிக்கும். சாப்பிடும்போது அந்த இடத்திலும் மேசை போட்டுவிட்டு அப்புறம் அகற்றிக்கொள்ளலாம் என்று யாராவது ஒருவர் நிச்சயம் யோசனை சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். மேசையை நகர்த்த இருபது நிமிடம், எழுப்பப்பட்ட விருந்தினர் கோட்டைத் தேடிக்கொண்டு கிளம்ப ஐந்து நிமிடம். இடம் போதவில்லையா, விருந்தினர் எண்ணிக்கையைக் குறையுங்கள். இல்லை, பக்கத்து அறையில் நடனம் வையுங்கள்.

சக்கர நாற்காலியில் மேல்மாடி அரங்குக்கு வர முடியுமா, லிஃப்ட் எத்தனை மணிக்கு அணைக்கப்படும், அரங்கத்தில் ஒலிக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா என்று அதே நாளில் கேட்டுவிடுங்கள். அந்தக் கருவி இருக்கும் இடத்தில் டிரம்ஸ் கொஞ்சம் ஓங்கினால்கூட மேடைக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும். இசைக்குழுவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய விஷயம் இது.

3. அனுமதிகள்

அரங்கத்துக்கு மது விற்பனைக்கும் இசைக்கும் நள்ளிரவு தாண்டி உரிமம் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு. 10 முழு வேலை நாட்களுக்கு முன் உரிம அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், கொடுக்கும் நாளும் நிகழ்ச்சி நாளும் அந்தப் பத்தில் சேராது. 499 பேர் வரம்பு உண்டு, அதில் பரிமாறுபவர்களும் இசைக்கலைஞர்களும் அடக்கம்.

இங்கே தவறுகள் வழக்கமாக மூன்று இடங்களில் நடக்கின்றன. டிக்கெட் விலையில் ஒயின் சேர்ந்திருந்தால் அதுவும் மது விற்பனைதான், 'இலவசமாகக் கொடுக்கிறோம்' என்பது செல்லாது. இரவு 11 மணிக்குப் பிறகு இசைக்குத் தனியாக உரிமம் பார்க்க வேண்டும், அதுவரை இருக்கும் தளர்வு 11 மணியோடு முடிகிறது. மூன்றாவதை யாருமே யோசிப்பதில்லை. ஆடிக் களைத்தவர்களுக்கு பதினொன்றரைக்குச் சூடான பேக்கன் ரோல் கொடுப்பது இங்கே பிடித்தமான வழக்கம், ஆனால் இரவு 11 முதல் காலை 5 வரை சூடான உணவும் பானமும் விற்பதற்கும் உரிமம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அறிவிப்பில் குறிப்பிட்டுவிடலாம்.

இசையின் பதிப்புரிமைக்கான பிபிஎல் பிஆர்எஸ் உரிமம் அரங்கத்திடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. பணம்

மேயர் தேர்ந்தெடுத்த தொண்டு அமைப்புகளுக்காகத் திரட்டும் பணம் மன்றத்தின் கணக்கோடு கலக்கக் கூடாது, தனிக் கணக்கு வேண்டும். டிக்கெட் விலையை முடிவு செய்யும்போது வரப்போகும் எல்லோரும் பணம் கட்டுவார்கள் என்று எண்ணாதீர்கள். தலைமை மேசையில் பெரும்பாலானோர் மேயரின் விருந்தினர்கள். 160 பேரின் செலவை 145 பேரின் டிக்கெட் தாங்கும்படி விலை வையுங்கள், லாபத்தைப் பரிசுச் சீட்டுக் குலுக்கலான ரேஃபிளும் ஏலமும் கொண்டுவரட்டும்.

அரங்கத்தில் அன்றைக்கு மட்டும் சீட்டு விற்கும் ரேஃபிளுக்குப் பதிவு தேவையில்லை. செலவுக்காக அதிலிருந்து 100 பவுண்டு வரைதான் கழிக்கலாம், பரிசு வாங்க 500 பவுண்டு வரைதான். நன்கொடையாக வந்த பரிசுகளுக்கு அந்த வரம்பு இல்லை. ஆர்வத்தில் இரண்டு வாரம் முன்னாலேயே கடைத்தெருவில் சீட்டு விற்க ஆரம்பித்தால் அது வேறு வகையாகிவிடும், உள்ளாட்சியிடம் சிறு சங்க லாட்டரியாகப் பதிய வேண்டும். அதற்கு 40 பவுண்டு.

நன்கொடை மீதான வரியைத் தொண்டு அமைப்பு அரசிடமிருந்து திரும்பப் பெறும் கிஃப்ட் எய்டை டிக்கெட் விலைக்குக் கேட்க முடியாது, சாப்பாடும் நடனமும் அதற்கு ஈடாகக் கிடைத்துவிடுகின்றனவே. மேசையில் தனி உறை வைத்து அதில் போடும் நன்கொடைக்குக் கேட்கலாம்.

5. அழைப்பு: முதலில் யார், என்ன எழுதுவது

வரிசை முக்கியம். முதலில் முதன்மை விருந்தினர், அப்புறம் லார்ட் லெஃப்டினன்ட், கவுண்டியின் சடங்கு அதிகாரியான ஹை ஷெரிஃப், நாடாளுமன்ற உறுப்பினர், பக்கத்து மேயர்கள், அதற்குப் பிறகுதான் பொது விற்பனை. தலைமை மேசையில் யார் என்று தெரியாமல் டிக்கெட் விற்கத் தொடங்கினால், கடைசி வாரத்தில் ஆட்களை மேசைக்கு மேசை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

லார்ட் லெஃப்டினன்ட் அந்தக் கவுண்டியில் அரசரின் பிரதிநிதி. அந்தப் பொறுப்பில் அவர் வந்தால் மேயருக்கும் முன்னிடம் அவருக்குத்தான். எப்போது வருவார், எப்படி வரவேற்பது, எப்படி அழைப்பது என்பதை அவருடைய அலுவலகமே எழுதித் தரும், கேட்கத் தயங்காதீர்கள். சிறுநகர மன்றத்தின் மேயர் நடத்தும் விருந்து என்றால் இன்னொரு நுணுக்கம் உண்டு. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் மாவட்ட மன்றத் தலைவருக்கு அந்த மாவட்டத்துக்குள் முன்னுரிமை தருகிறது. அவரைப் பின் மேசையில் போட்டுவிட்டால் அந்தக் கசப்பு அடுத்த ஆண்டு வரை நீடிக்கும்.

அட்டையில் இவை தெளிவாக இருக்கட்டும்: '7 மணிக்கு வருகை, 7.30க்கு விருந்து', உடை, நள்ளிரவு 12க்கு 'கேரியேஜஸ்', பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள். கேரியேஜஸ் என்பது நிகழ்ச்சி முடியும் நேரம், டாக்ஸியை அதற்குத்தான் பதிவு செய்வார்கள். உடைக்கு 'பிளாக் டை அல்லது தேசிய உடை' என்று போடுங்கள், பிளாக் டை என்பது முறைப்படியான மாலை உடை. பின் இரண்டு சொல்லும் இல்லாவிட்டால், பட்டுப்புடவையோ ஷெர்வானியோ வைத்திருப்பவர்கள் அதைக் கட்டலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுகிறார்கள். பதக்கம் அணிய வேண்டுமென்றால் 'டெக்கரேஷன்ஸ்' என்று எழுத வேண்டும், மாலை உடையில் சிறிய அளவுப் பதக்கங்களைத்தான் அணிவார்கள்.

வெளியூர் மேயர்கள் தங்கள் பதவிச் சங்கிலியை இன்னொரு மேயரின் எல்லைக்குள் அனுமதி இல்லாமல் அணிவதில்லை. ஆகவே அவர்களுக்கான கடிதத்தில் 'சங்கிலி அணிந்து வரலாம்' என்று ஒரு வரி கட்டாயம். அது இல்லாவிட்டால் பாதிப் பேர் சங்கிலியோடும் பாதிப் பேர் வெறுங்கழுத்தோடும் வந்து, புகைப்படம் எடுக்கும்போது சங்கடப்படுவார்கள்.

பதில் படிவத்திலேயே உணவு ஒவ்வாமையைக் கேட்டுவிடுங்கள். சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருட்கள் பற்றிய தகவலைச் சமையல் தரப்பு தந்தாக வேண்டும். சைவம், ஹலால், ஒவ்வாமை உள்ளவர்களின் பெயர் அட்டைப் பின்புறத்தில் வண்ணப் புள்ளி ஒட்டுங்கள். விருந்தினர் இடம் மாறி உட்கார்ந்தாலும் அட்டையை எடுத்துக்கொண்டுதான் போவார், தட்டு சரியான ஆளுக்குப் போகும்.

6. நேர அட்டவணை: பின்னாலிருந்து எழுதுங்கள்

எல்லோரும் 7 மணியிலிருந்து எழுத ஆரம்பிக்கிறார்கள். அப்படி எழுதினால் ஒவ்வொன்றுக்கும் தாராளமாக நேரம் கொடுத்து, நடனம் பத்தே முக்காலுக்குப் போய்விடும், அதற்குள் வயதானவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். முதல் நடனத்தை 10 மணிக்குப் பிடித்துக் கட்டுங்கள், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்:

10.00 முதல் நடனம்
9.45 இடைவேளை, ரேஃபிள் சீட்டின் கடைசிச் சுற்று
9.25 உரைகள்
9.20 அரசருக்கான லாயல் டோஸ்ட்
9.10 காபி
7.45 முதல் உணவு
7.40 தலைமை மேசை நுழைவு, கிரேஸ் (உணவுக்கு முன் பிரார்த்தனை)
7.30 விருந்துக்கு அழைப்பு
7.00 வரவேற்பு வரிசை

மூன்று வகை உணவும் காபியும் 160 பேருக்குப் பரிமாற ஒன்றரை மணி நேரம். ஒன்றேகால் மணியில் முடிப்போம் என்று சமையல் தரப்பு சொன்னாலும் ஒன்றரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதாக ஒரு சீஸ் தட்டு சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அதைக் காபியோடு மேசை நடுவில் வைத்துவிடலாம்.

வரவேற்பு வரிசைக்கும் கணக்கு இருக்கிறது. ஒரு ஜோடிக்கு 20 வினாடி என்றால் 80 ஜோடிக்கு ஏறக்குறைய 27 நிமிடம். மேயரும் அவருடைய துணைவரும் முதன்மை விருந்தினரும் மட்டும் வரிசையில் நிற்கட்டும். துணை மேயர், குழுத் தலைவர் என்று ஆறு பேரை நிறுத்தினால் அரை மணி ஒரு மணி ஆகிவிடும், அறிமுகமாகிக் கை கொடுக்கக் காத்திருப்பவர்கள் படிக்கட்டு வரை நிற்பார்கள், அங்கே குளிரும்.

லாயல் டோஸ்ட்டின் இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரசரின் பெயரால் மேயர் கோப்பை உயர்த்துவதுதான் அது, டோஸ்ட்டுகளில் முதலாவது. அது முடியும் வரை யாரும் மேசையை விட்டு எழுவதில்லை என்பது பழைய மரபு, மூத்தவர்கள் இன்றும் அதை மதிக்கிறார்கள். இதை உரைகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தால், 7.40க்கு உட்கார்ந்த எண்பது வயதுக்காரர் கழிவறைக்குப் போக முடியாமல் 9.45 வரை நெளிந்துகொண்டிருப்பார். காபி வந்த உடனேயே முடித்துவிடுங்கள். எழுந்து போக வேண்டியவர்கள் போய்வர, அடுத்து ஐந்து நிமிடம் விடுங்கள்.

உரைகள் மூன்று, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். நகரத்துக்காக முதன்மை விருந்தினர், விருந்தினர்களுக்காக மேயர், தொண்டு அமைப்பிலிருந்து ஒருவர். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நான்காவது உரை நடனத்திலிருந்துதான் நேரத்தை எடுக்கும், நடனத்துக்காகப் பணம் கட்டி வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

7. இருக்கைகள்

தலைமை மேசையின் நடுவில் மேயர், அவருக்கு வலப்பக்கம் முதன்மை விருந்தினர். மற்றவர்கள் அந்தஸ்து வரிசையில் வலமும் இடமுமாக நகர்வார்கள், கணவன் மனைவியை அடுத்தடுத்து உட்கார வைப்பதில்லை. கடைசி முனையில் யாரையும் தனியாக விடாதீர்கள், ஒரு பக்கம் மட்டுமே ஆள் இருந்தால் இரவு முழுக்கப் பேச்சுத்துணை பாதிதான். நன்றாகப் பேசும் குழு உறுப்பினர்களை அந்த முனைகளில் வையுங்கள்.

நடனத் தளத்தை ஒட்டிய மேசைகளை ஆடக்கூடியவர்களுக்குக் கொடுங்கள். அந்தஸ்து பார்த்துக் கொடுத்தால் தளத்தைச் சுற்றி அமைதியான மேசைகள் அமையும், பின்வரிசையில் இருப்பவர்கள் அவர்களைத் தாண்டி வந்து ஆடக் கூச்சப்படுவார்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் காது கேட்கும் கருவி அணிந்தவர்கள் வேண்டாம்.

8. இசைக்குழு

கருவிகள் மேசை விரிப்புகளுக்கு முன்பே மேடை ஏற வேண்டும், ஒலிச் சோதனை 6 மணிக்குள் முடிய வேண்டும். மேசை அடுக்கிய பிறகு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு நடுவே வர முடியாது. கலைஞர்களுக்குச் சூடான சாப்பாடு 8 மணிக்குத் தனி அறையில். இதை மறந்தால், 10 மணிக்கு மேடையில் இருக்க வேண்டியவர்கள் சிப்ஸ் கடை வரிசையில் நிற்பார்கள்.

பாடல் வரிசையை அவர்களிடமே விட்டுவிடாதீர்கள். முதலில் வால்ட்ஸ், அடுத்து ஒரு குவிக்ஸ்டெப். மூன்றாவதாகவே எல்லோரையும் கலக்கும் ஆட்டம் ஒன்று: பால் ஜோன்ஸ் நல்லது, உள்ளும் வெளியுமாக இரண்டு வட்டங்கள் எதிரெதிராகச் சுற்றி, இசை நின்றதும் எதிரில் இருப்பவரோடு ஆட வேண்டும். ஸ்காட்லாந்து நடனமான கே கார்டன்ஸும் எடுபடும், ஆனால் படிகளைச் சொல்லித்தர மைக்கில் ஒருவர் வேண்டும். ஆடத் தெரியாதவர்கள் முதல் அரை மணியில் தளத்தில் கால் வைக்காவிட்டால் அப்புறம் வரவே மாட்டார்கள். டிஸ்கோ பாட்டெல்லாம் 11 மணிக்கு மேல்.

9. அன்று மாலை

நிகழ்ச்சிகளை அறிவித்து நடத்தும் டோஸ்ட்மாஸ்டர்தான் இரவின் கடிகாரம். நேர அட்டவணை அவரிடம், சமையல் தலைவரிடம், இசைக்குழுத் தலைவரிடம் ஒரே பிரதியாக இருக்க வேண்டும். மாற்றம் எதுவானாலும் டோஸ்ட்மாஸ்டர் வழியாக மட்டும். மேயரின் காதில் ஆளாளுக்குக் கிசுகிசுக்க ஆரம்பித்தால் எல்லாம் குழம்பும்.

விருந்தினர் அமர்ந்த பிறகு மேஸ் என்னும் சடங்குக் கோலை ஏந்துபவர் முன்னே வர, தலைமை மேசையினர் உள்ளே வருவார்கள். எல்லோரும் எழுந்து தாளமாகக் கைதட்டுவார்கள். மேயரின் சாப்லின், அதாவது மதகுரு, கிரேஸ் சொல்லும் வரை யாரும் உட்காரக் கூடாது, ரொட்டியில் கை வைக்கக் கூடாது. இதை முதல்முறை வருபவர்களுக்குத் தெரியும்படி நிகழ்ச்சி அட்டையில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

லாயல் டோஸ்ட்டுக்கு இரண்டு நிமிடம் முன் கோப்பைகள் நிரம்பியிருக்க வேண்டும், பரிமாறுவது முழுதாக நிற்க வேண்டும். மேயர் எழுந்து சொல்வது மிகச் சுருக்கம்: 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், தி கிங்.' எல்லோரும் நின்று 'தி கிங்' என்று சொல்லிப் பருகுவார்கள். தண்ணீரோ பழரசமோ போதும், மது கட்டாயமில்லை. இதற்கு முன்னுரையும் இல்லை, பின்னால் கைதட்டலும் இல்லை. புதிய மேயர்கள் இங்கே அரசரைப் பற்றி நாலு வார்த்தை பேச ஆசைப்படுவார்கள், முந்தின வாரமே மென்மையாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். உரை நிகழ்த்துபவர்கள் 'மிஸ்டர் மேயர்' அல்லது 'மேடம் மேயர்' என்று தொடங்கட்டும்.

இடைவேளையின் 15 நிமிடத்தில் நடக்க வேண்டியவை: மேயர் கனமான சங்கிலியைக் கழற்றுகிறார், அது யாரிடம் போகிறது, எங்கே பூட்டப்படுகிறது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். விளக்கைக் குறைக்கிறார்கள். இசைக்குழு மேடையில் தயாராக நிற்கிறது. அமைதி விழுந்துவிடாமல், அறிவிப்பு முடிந்த கணமே இசை தொடங்க வேண்டும். மேயரும் துணைவரும் அரைப் பாட்டு தனியாக ஆடிய பிறகு டோஸ்ட்மாஸ்டர் மற்றவர்களை அழைப்பார். குழுவைச் சேர்ந்த நான்கு ஜோடிகளை அதற்கென்றே தயாராக வைத்திருங்கள், முதல் அழைப்பிலேயே அவர்கள் எழுந்து போனால் மற்றவர்களும் எழுவார்கள்.

மேயருக்கு வால்ட்ஸ் தெரியாவிட்டால் முந்தின மாதம் இரண்டு மூன்று வகுப்பு ஏற்பாடு செய்யுங்கள். அடிப்படைச் சதுரப் படி போதும்.

ரேஃபிள் குலுக்கல் 11 மணிக்கு, இசைக்குழுவின் இடைவேளையில். பத்துப் பரிசுக்கு மேல் மேடையில் அறிவிக்காதீர்கள், மீதியை எண்ணோடு மேசையில் வைத்துவிடலாம். 11.45க்கு பார் மூடல், 11.50க்குக் கடைசி வால்ட்ஸ், தேசிய கீதம், 12க்கு விளக்கு. டாக்ஸிகள் எந்த வாசலுக்கு வர வேண்டும் என்று வாசலில் ஒருவர் நின்று சொல்லட்டும்.

10. அடுத்த வாரம்

மேயரின் கையெழுத்தோடு நன்றிக் கடிதங்கள் ஒரு வாரத்துக்குள் போக வேண்டும், பரிசு கொடுத்த கடைக்காரர்களுக்கு முதலில், ஏனென்றால் அடுத்த ஆண்டும் அவர்களிடம்தான் போவீர்கள். கணக்கை மாத முடிவுக்குள் முடித்து, மே கூட்டத்துக்கு முன் தொண்டு அமைப்புகளிடம் காசோலையைக் கொடுத்துவிடுங்கள். மேயர் மாறிய பிறகு கொடுத்தால் யார் கையால் கொடுப்பது என்பதே தகராறாகும்.

மேசை வரைபடம், உண்மையில் ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு நடந்தது என்ற குறிப்பு, சமையல் தரப்புக்குக் கடைசியாகச் சொன்ன எண்ணிக்கை, வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது, இவற்றை ஒரு கோப்பில் போட்டு நகர மன்ற எழுத்தரிடம் கொடுங்கள். குழுவில் எல்லோரும் மாறினாலும் அவர் அங்கேயே இருப்பார்.